ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து

பிராங்க்ளினைக் கண்டாலே சத்யபிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கும் இவளைக் கண்டால் அப்படித்தான். மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே மாடியில் எதிரெதிராக உட்கார்ந்து, ஒரே பிளாஸ்க் டீயைக் குடித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பதற்கென்றே வாயைத் திறப்பார்கள். படியிறங்கிய பிறகும் அவளுக்கு ஆறாது. வண்டியை ஓட்டிக்கொண்டே, நாகல் நகர் தாண்டும் வரைக்கும் அந்த ஆளைக் கரித்துக்கொட்டிக்கொண்டு போவாள். சிக்னலில் பக்கத்தில் நிற்பவன் திரும்பிப் பார்த்தால் அவனுக்கும் ஒரு முறைப்பு.

இத்தனைக்கும் இது சம்பளமில்லாத வேலை. 'ஊர்நடப்பு' என்று திண்டுக்கல்லுக்கு ஒரு செய்தித்தளம் இருக்கிறது. நிருபர் கிடையாது, ஆசிரியர் கிடையாது. கண்டக்டர், நர்ஸ், மளிகைக்கடைக்காரர் என்று அவரவர் வேலைக்கு நடுவே போனில் எழுதிப் போடுகிறவர்கள்தான். ஊரடங்குக் காலத்தில் எந்தத் தெரு அடைப்பு, காய்கறி லாரி எங்கே நிற்கிறது என்று சொல்வதற்காகப் பிராங்க்ளின் ஆரம்பித்தது. கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். அன்றைக்குக் கல்யாணமே நடக்காததால் ஊருக்கு உபயோகமாக ஏதோ செய்தார். அதை மட்டும் சத்யபிரியாவும் மறுக்கமாட்டாள். அதற்குப் பிறகு அவர் செய்தது ஒவ்வொன்றையும் மறுப்பாள்.

அவள் செம்பட்டிக்குப் பக்கத்தில், மல்லிகைத் தோட்டத்துக்காரர் வீட்டில் பிறந்தவள். தபால் வழியில் பி.காம். படித்து, நூல்மில்லில் மேஸ்திரியாக இருக்கும் உடையப்பனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். பதினாறு வருடமாகத் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. வருமானச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம் ஆன்லைனில் ஏற்றிக் கொடுப்பாள். என்னென்ன இணைக்க வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தால் எந்த ஏழைக்கும் காரியம் நடக்கும், எழுதிப் போடாவிட்டால் ஆளைத் தெரிந்தவனுக்குத்தான் நடக்கும் என்பது அவள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. அதனாலேயே எழுதாத விதி என்றால் அவளுக்குக் குமட்டும்.

பிராங்க்ளினிடம் எழுதிய விதி ஒன்றுகூட இல்லை. ஊர்நடப்பு பேர் வாங்கியதும் சுற்றுவட்டாரத்து ஊர்களெல்லாம் எங்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று வந்து நின்றன. யார் பழக்கமோ அவருக்குப் பக்கம் திறந்து கொடுத்தார். ஒரு பக்கத்தில் கட்சிக்காரர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்தாக வந்தது. இன்னொன்று ஒரு மாதத்தில் தூங்கிப்போனது. மேற்குப் பக்கத்து ஊர்களுக்கென்று திறந்த பக்கத்தை ஐந்து பேர் நடத்துவதாகச் சொன்னார்கள். விசாரித்தால் ஒரே ஆள், ஐந்து சிம் கார்டு.

அந்த ஒரே ஆள்தான் ஒரு சாயங்காலம், 'நாளை பூ மார்க்கெட் விடுமுறை' என்று போட்டான். எவனோ அனுப்பியதை அப்படியே ஏற்றிவிட்டான். சத்யபிரியாவின் அண்ணன் மனைவி ராமுத்தாய் அதை நம்பி, விடியற்காலை மொட்டுப் பறிக்கப் போகவில்லை. அவளைப் பார்த்து ஊரில் பாதிப் பேர் போகவில்லை. மார்க்கெட் வழக்கம்போல நடந்தது. சாயங்காலம் அத்தனை மல்லியும் செடியிலேயே பூத்து விரிந்துவிட்டது. விரிந்த பூவை எந்த வியாபாரி வாங்குவான்? ராமுத்தாய் வயிறெரிந்து போய் ஒரு சாக்குப் பை நிறையப் பறித்து, "உங்க ஆபீசருகிட்டக் குடு" என்று கொடுத்துவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் சத்யபிரியா அந்தச் சாக்கைப் பிராங்க்ளினின் மேஜை மேல் கவிழ்த்தாள். கேமரா, லேப்டாப், டீ டம்ளர் எல்லாம் பூவுக்குள் போயின.

"இந்தாங்கண்ணே, தலை நிறைய வச்சுக்கங்க."

"ஏன் மேடம் எங்கிட்ட வந்து எகிறுறீக? நானா போட்டேன்?"

"போட்டவனுக்குப் பக்கம் திறந்து விட்டது யாரு? எந்த விதியைப் பார்த்துத் திறந்தீக?"

"அம்புட்டு விதி தெரிஞ்சவுக நீங்களே எழுதுங்களேன்!"

கோபத்தில் சொன்ன வார்த்தை. இருபது பேர் கேட்டுவிட்டார்கள், பாவம், அவரால் திரும்ப விழுங்க முடியவில்லை.

அவளும் எழுதினாள். ஒரே வாரத்தில், கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரங்களில் உட்கார்ந்து எழுதினாள். அந்தந்த ஊரில் குடியிருக்கும் ஐந்து பேர் நேரில் வந்து நிற்க வேண்டும். எந்தச் செய்திக்கும் நேரில் பார்த்த, அல்லது நேரடியாக அறிந்த இரண்டு பேர் சாட்சி வேண்டும். யாரைப் பற்றிய செய்தியோ அவரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். நாலாவதாக ஒன்று எழுதினாள்: பக்கம் திறப்பதற்கு முன் நாற்பத்தெட்டு நாள் சோதனை. தினமும் மாலை ஆறு மணிக்குள் ஒரு செய்தியாவது வர வேண்டும். ஒரு நாள் விட்டால் முதலிலிருந்து.

நாற்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்றால், உடையப்பனிடமிருந்து. வருடா வருடம் பழனிக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருந்து நடந்து போகிறவர் அவர்.

"பிராங்க்ளின் ஆளுகள்ல ஒருத்தன் இதைத் தாண்டமாட்டான், பாருங்க" என்று வீட்டில் வாசித்துக் காட்டிச் சிரித்தாள்.

உடையப்பன் சிரிக்கவில்லை. "மாலை நான் இஷ்டப்பட்டுப் போட்டுக்கிறது சத்யா. அடுத்தவன் கழுத்துல நீ கொண்டு போய்ப் போடலாமா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றாள்.

அந்த விதிக்கு முதலில் வந்து மாட்டியது பிராங்க்ளினின் ஆள் இல்லை. கொடைரோட்டிலிருந்து வந்த பிரிட்டோ. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், முப்பது வயதிருக்கும். அவனும் அவன் தெருக்காரர்கள் நாலு பேரும் முப்பது நாள் அருமையாக எழுதினார்கள். ரயில் வரும் நேரம், திராட்சைத் தோட்டத்துக்கு வந்த நோய், தண்ணீர் வராத தெரு என்று ஒவ்வொன்றும் சுத்தமான செய்தி. முப்பத்தோராம் நாள் பெரிய வெள்ளி. அந்தத் தெருவில் அன்றைக்கு ஒருவரும் போனைத் தொடமாட்டார்கள். சிலுவைப்பாதை, கோயில், உபவாசம் என்று நாள் முழுக்கப் போய்விடும். இரவு ஏழு மணிக்குச் செய்தி போட்டார்கள்.

சத்யபிரியா தள்ளிவிட்டாள்.

"அக்கா, பெரிய வெள்ளிக்கா" என்றான் பிரிட்டோ.

"அது வாரது முன்னாடியே தெரியும்ல தம்பி? விடியங்காட்டியும் ஒண்ணு எழுதிப் போட்டுட்டுக் கோயிலுக்குப் போயிருக்கலாம்ல? விதின்னா எல்லாருக்கும் விதிதான்."

பிராங்க்ளின் அன்றைக்கு அவளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பிரிட்டோ எழுந்து போய்விட்டான். கொடைரோட்டுப் பக்கம் அதோடு நின்றது. ஒரு ஆளுக்காக வளைந்தால் நாளைக்கு எல்லோருக்கும் வளைய வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

வைகாசியில் செம்பட்டி விண்ணப்பம் வந்தது. ராமுத்தாய், மினி பஸ் கண்டக்டர் பழனிக்குமார், இன்னும் மூன்று பேர். வழிநடத்துவதும், அவர்கள் எழுதுவதைப் பார்த்து வெளியிடுவதும் சத்யபிரியா. இது பிறந்த ஊர்ப் பாசம் மட்டுமில்லை. பூ மார்க்கெட் திறந்திருக்கிறதா என்ற ஒரு வரி பொய்யாகப் போனதில் ஒரு ஊரின் ஒரு நாள் உழைப்பு போயிருக்கிறது. அந்த ஊருக்கென்று நம்பகமான ஒரு பக்கம் திறக்காமல் விடுவதில்லை என்று அவள் அண்ணன் வீட்டு வாசலில் நின்று வாக்குக் கொடுத்திருந்தாள். விதியை எழுதினவளே விண்ணப்பமும் போடுகிறாள், அவளே மார்க்கும் போடுவாளா என்று பிராங்க்ளின் ஜாடையாகக் கேட்டார். வயிற்றெரிச்சல் என்று காதில் வாங்காமல் விட்டாள்.

ராமுத்தாய் ஒன்பதாவது வரை படித்தவள். விடியுமுன் தோட்டத்தில் இறங்கி, மொட்டைப் பறித்து வண்டியேற்றிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அன்றைய விலையைத் தட்டுவாள். முதல் வாரம் ஒரு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. இருபதாம் நாளில் பஸ் வழித்தடம் மாறியதை யாரும் சொல்லாமல் அவளே விசாரித்து எழுதினாள். நாற்பதாம் நாளில் ஊர்க்காரர்கள் அவளை நிறுத்தி, "என்னாத்தா, இன்னைக்கு என்ன செய்தி?" என்று கேட்டார்கள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நாற்பத்தெட்டாம் நாள், அதாவது கடைசி நாள், மாலை நாலரைக்கு ஒரு தகவல் வந்தது. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சொன்னது ஒரே ஒருத்தி. பழனிக்குமார் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ராமுத்தாய் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சத்யபிரியா கடையிலிருந்தபடி டீச்சருக்கு மேல் டீச்சராகப் போன் அடித்தாள், ஒருவரும் எடுக்கவில்லை. மற்ற மூவரும் ஆளுக்கொரு பக்கம் விசாரித்தார்கள்.

"போட்டுருவோம் சத்யா, மணி ஆகப்போகுது" என்று ராமுத்தாய் போனில் கத்தினாள்.

"ரெண்டாவது ஆளு சொல்லாம போடமாட்டேன் மதினி. சமைச்ச பொம்பளைகளை ஊரு அடிச்சுப் போட்டுரும்."

அன்றைக்கு மல்லி விலை தாமதமாக மத்தியானத்துக்கு மேல்தான் தெரிந்தது. ஐந்து பேரும் அந்த ஒரு செய்திக்குப் பின்னால் ஓடியதில், அதைப் போட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆறு மணி தாண்டிவிட்டது. ஆறு பத்துக்குப் பழனிக்குமார் கூப்பிட்டான். பிள்ளைகள் இரண்டே பேர். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் ஒன்றுமில்லை, வழியில் வாங்கித் தின்ற ஐஸ். இரண்டும் வீட்டுக்குப் போயாயிற்று.

போடாதது சரி. ஆனால் நாள் போயிற்று. சத்யபிரியா கடை ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜையை ஓங்கி ஓர் அடி அடித்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர் பயந்து தன் ரேஷன் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஸ்டுடியோ மாடியில் உட்கார இடமில்லை. செம்பட்டி சார்பில் பழனிக்குமார் வந்திருந்தான். பின்வரிசையில் பிரிட்டோவும் இருந்தான். டவுனுக்கு லோடு இறக்க வந்தவன், விஷயம் கேள்விப்பட்டு ஏறி வந்திருக்கிறான். சத்யபிரியா காரணத்தையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பிரிக்கவே விடவில்லை பிராங்க்ளின்.

"மேடம் ஒண்ணும் விளக்க வேணாம்" என்று எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு நாள்தானப்பா? அதுவும் நல்ல காரியத்துக்காக விட்டது. அட்மின்ங்கிற முறையில நான் அந்த நாளைத் தள்ளுபடி பண்றேன். செம்பட்டிப் பக்கம் இன்னைக்கே திறக்குது. எல்லாரும் கைதட்டுங்க!"

தட்டினார்கள். அவள் கையிலிருந்த காகிதத்தைக் கசக்கினாள். எவ்வளவு அழகாகக் கழுத்தில் கயிற்றைப் போடுகிறான், படுபாவி! இதற்குத் தலையாட்டினால் இனி எல்லா விதிக்கும் மேலே இந்த ஆளின் தயவு உட்கார்ந்துகொள்ளும். தலையாட்டாவிட்டால் செம்பட்டிக்குப் பக்கம் இல்லை.

"அப்ப எங்களுக்கு?" என்றான் பிரிட்டோ.

"என்னையக் கேட்டா? அன்னைக்கு நானா தள்ளுனேன்? விதி எழுதுனவுகளைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் பிராங்க்ளின் உட்கார்ந்தார்.

மொத்தக் கூட்டமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிராங்க்ளின் மேல் கோபம், எந்த நேரத்தில் எதைக் கேட்கிறான் என்று பிரிட்டோ மேல் கோபம். இரண்டுக்கும் அடியில், தன்மேலேயே வந்த கோபத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நாலாவது விதியை நான் ஊருக்காக எழுதல" என்றாள். குரல் தடித்திருந்தது. "பிராங்க்ளின் அண்ணனோட ஆளுக ஒருத்தரும் தாண்டக் கூடாதுன்னு எழுதுனேன். ஆளை மனசுல வச்சுக்கிட்டு எழுதுன விதி அது. பிரிட்டோ தம்பிதான் மாட்டிக்கிட்டாரு. அன்னைக்கு நான் அவரைத் தள்ளுனது அநியாயம். இதை எடுத்துருவோம். எழுபது நாளுக்குள்ள நாப்பத்தெட்டு நாள் எழுதுனாப் போதும். எந்தெந்த நாள் எழுதமாட்டோம்னு அவுகவுகளே சொல்லிக்கிடட்டும். தன் குழுவுக்குத் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. தள்ளுபடி பண்ற அதிகாரம் ஒருத்தருக்கும் கிடையாது, அட்மினுக்கும் சேர்த்து."

பிராங்க்ளின் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ஆனால் விட்டுவிடுகிற ஆளா அவர்? செத்த நேரம் மோவாயைத் தடவினார்.

"நல்ல விதி மேடம். இதுப்படி பார்த்தா உங்க செம்பட்டிக்கு நாப்பத்தேழு இருக்கு. நாளைக்கு ஒண்ணு போட்டா முடிஞ்சது. அதுக்குத்தானே இம்புட்டு உருக்கமும்?"

இரண்டொருவர் சிரித்தார்கள். பழனிக்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்ல" என்றாள் சத்யபிரியா. யோசித்துச் சொன்னதா, அந்த ஆளின் வாயை அடைக்கச் சொன்னதா, அவளுக்கே தெரியாது. "நாங்க பழைய விதியில உள்ள வந்தோம், பழைய விதியிலயே தோத்தோம். நாங்க தோத்த பெறகு மாத்துற விதியில நாங்களே பாஸாகக் கூடாது. செம்பட்டிக்கு நாளைக்கு ஒண்ணாம் நாள்."

ஓட்டெடுப்பில் விதி நிறைவேறியது. பிராங்க்ளின் கடைசி ஆளாகக் கையைத் தூக்கினார், அதுவும் காதுவரைதான். சத்யபிரியா பின்வரிசைக்குப் போனாள்.

"தம்பி, கொடைரோடும் நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

"எங்க அஞ்சு பேர்ல ரெண்டு பேரு திருப்பூருக்குப் போயாச்சு. மத்தவுக, எங்களை மதிக்காத இடத்துல எங்களுக்கு என்ன வேலைன்னு போயிட்டாக. நான்தான் அவுகளை வீடு வீடாப் போய்ச் சேர்த்தவன்." பிரிட்டோவின் குரலில் கத்தல் இல்லை, அதனால் இன்னும் உறைத்தது. "விதியை நீங்க மாத்திப்புட்டீகக்கா. ஆளுக்கு நான் எங்க போறது?"

பதில் கேட்க அவன் நிற்கவில்லை. கீழே லோடு ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

அவள் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் செம்பட்டிக்குப் பஸ் ஏறினாள். பழனிக்குமார் போனில் முந்திக்கொண்டிருந்தான். ராமுத்தாய் வாசலிலேயே நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நாளைக்கு ஒண்ணாம் நாளாம்ல?"

"மதினி, நான் சொல்றதைச் செத்த கேளுங்க—"

"நீ கேட்டியா எங்ககிட்ட? அஞ்சு பேரு எழுதுனோம். ஒருத்தர்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டியா? கையில மொட்டுக் கறையோட உக்காந்து எழுத்துக் கூட்டிக் கூட்டித் தட்டினேன்டி. உங்கண்ணன், வேலையத்தவன்னு என்னைய ஏசுனாரு. எல்லாத்தையும் தாங்கினேன். நீ அந்த ஆளு முன்னாடி நல்ல பேரு வாங்கணும்னு எங்க நாப்பத்தேழு நாளையும் தூக்கிக் குடுத்துட்டு வந்துருக்க! அந்த பிரிட்டோ பயலுக்கு ஒரு விதியைப் போட்ட, இப்ப எங்களுக்கு ஒண்ணு. எப்பவும் நீ போடுவ, நாங்க சுமக்கணும். அப்படித்தானே?"

ராமுத்தாய் கதவைச் சாத்தினாள். அண்ணன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சத்யபிரியா திரும்பியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் மல்லி விலை வரவில்லை. மத்தியானம் பஸ் செய்தி வரவில்லை. குழுவில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளே ஏதாவது எழுதிப் போட்டிருக்கலாம். கை வரவில்லை. சான்றிதழ் ஏற்றுகிற ஆட்களிடமெல்லாம் எரிந்து விழுந்தாள். செம்பட்டி முடிந்தது, பிராங்க்ளின் இந்நேரம் டீயை உறிஞ்சிக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டே ஸ்டேப்ளரை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

ஐந்து நாற்பதுக்கு ராமுத்தாய் கூப்பிட்டாள்.

"ஒரு செய்தி எழுதியிருக்கேன். உன்னையப் பத்தினது. வாசிக்கிறேன், கேட்டுக்க." மூச்சு விடாமல் வாசித்தாள். "செம்பட்டிப் பக்கம் திறக்கப்படவில்லை. தன் குழுவினரைக் கேட்காமல் சத்யபிரியா எடுத்த முடிவால் நாற்பத்தேழு நாள் உழைப்பு வீணானது. கூட்டத்துல இருந்த பழனிக்குமார் சாட்சி, உங்கிட்டயே நேர்ல கேட்ட நான் சாட்சி. இப்ப நீ என்ன சொல்ற? உன் தரப்பையும் கேக்கணும்ல?"

விளக்கம் எவ்வளவோ இருந்தது.

"கேட்டிருக்கணும் மதினி. கேக்கல."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"எழுதிக்கிறேன்" என்று ராமுத்தாய் போனை வைத்துவிட்டாள்.

ஐந்து ஐம்பதுக்குச் செய்தி சத்யபிரியாவின் திரைக்கு வந்தது. பொய்யாக ஏதாவது இருக்கிறதா என்று அவள் வரி வரியாகத் தேடினாள். 'வீணானது' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை அதன் மேல் விரலைக் கொண்டு போனாள். எழுத்துப் பிழைகூட இல்லை. கடைசி வரியை மூன்றாவது முறையாக வாசித்தாள்: 'இது குறித்துச் சத்யபிரியாவிடம் கேட்டபோது, கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை என்றார்.'

வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினாள். செம்பட்டி, ஒன்றாம் நாள், மாலை ஐந்து ஐம்பத்து நாலு என்று பதிவானது.